குழாயைத் தட்டுவது யார்?

வெளியே மைனஸ் பதினொன்று. யூலிதா ஹால் ஜன்னலை விரியத் திறந்து வைத்திருந்தாள்.

ஜனவரி மாதத்தில் லூப்லின் நகரத்தில் எந்தப் புத்தியுள்ள பெண்ணும் செய்யாத காரியம் இது. தொடர்ந்து படிப்பவர்களுக்குக் காரணம் தெரியும். இந்த வாரம்தான் கதவைத் தட்டி உள்ளே வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கட்டடத்துக்கு ஐந்து மாடி. நிலவறையிலிருந்து வெந்நீர்க் குழாய் ஏறி, ஒவ்வொரு வீட்டு ஹாலிலும் ஒரு ரேடியேட்டரைச் சூடாக்கிவிட்டு, பக்கத்துக் குழாய் வழியாக இறங்கிப் போகிறது. போன அக்டோபரில் சூடு வந்த நாளிலிருந்து அந்தக் குழாயில் ஒரு சத்தம். டக், டக், டக். ஐந்து வீட்டிலும் ஒரே மாதிரி கேட்டதால் எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

யூலிதாவின் வீடு மூன்றாம் மாடி. நான்காம் மாடியில் தனியாக இருப்பவள் போகுஷா. தையற்காரி, ஐம்பத்தெட்டு வயது, யூலிதாவின் நாத்தனார். பொறுக்க முடியாமல் ஒருநாள் குழம்புக் கரண்டியை எடுத்துக் குழாயில் நாலு போடு போட்டாள். "போதும், நிறுத்துங்க" என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்ல அந்த ஊர்க் குடியிருப்புகளில் அதுதான் வழக்கம். வினை அங்கேதான் பிடித்தது. அன்றிலிருந்து எல்லாத் தட்டலும் போகுஷா தலையில் விழுந்தது. குடியிருப்புச் சங்கத்துக்கு மனு போனது. கிறிஸ்மஸ் இரவு விருந்தில் போகுஷா, தன் வீட்டைப் புவாவி ஊரிலிருக்கும் ஒருவருடைய வீட்டோடு மாற்றிக்கொள்ளப் போவதாக அறிவித்து அழுதாள். அந்த மாற்றுப் பத்திரத்தில் கையெழுத்து இன்று மாலை நாலு மணிக்கு, சங்க அலுவலகத்தில்.

தட்டல் வருவது யூலிதாவின் ஹாலிலிருந்து. அது யூலிதாவுக்குத் தெரியும். அதனால்தான் ஜன்னல் திறந்திருக்கிறது.

ஒரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. சங்கத்தின் தலைமை பிளம்பர் த்வோரெக், கையில் நீளமான திருப்புளியோடு நின்றார். அவருக்குப் பின்னால் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யூலிதாவின் மகன் கொர்னெல்.

இருபத்திரண்டு வயதில் கொர்னெலுக்கு இதுதான் முதல் உருப்படியான வேலை. நவம்பரில் சேர்ந்தான். இந்த மாதக் கடைசியோடு தகுதிகாண் காலம் முடிகிறது. தன் வீட்டுக்குள்ளேயே வேலையாளாக நுழைவது கூச்சமாக இருந்ததோ என்னவோ, பூட்ஸைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் தடுமாறினான்.

"ஜன்னல் ஏன் இப்படித் திறந்து கெடக்கு?" என்றார் த்வோரெக்.

"அடுப்புல பிகோஸ் வேகுது. முட்டைக்கோஸ் நாத்தம். பங்குச் சாமியார் வீடு வீடா ஜெபம் பண்ணி மந்திரிக்க வர்ற நாள் பாருங்க."

பொய் சுலபமாக வந்தது. அது தனக்கு இவ்வளவு பழகிப்போனதை நினைத்து யூலிதா வெட்கப்பட்டாள்.

த்வோரெக் ரேடியேட்டர் அருகே மண்டியிட்டார். திருப்புளியின் முனையைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். முப்பது வருடமாக அவர் அப்படித்தான் கேட்கிறார். சங்கத்தில் புதுக் கருவி ஒன்று இருக்கிறது. அவர் அதை அலமாரியை விட்டு எடுத்ததில்லை.

"ரேடியேட்டர் புதுசா இருக்கே. யார் வச்சது?"

கொர்னெல் ஓர் எட்டு வைத்து வால்வுக்கும் த்வோரெக்குக்கும் நடுவில் நின்றுகொண்டான். பெட்டியைக் கீழே வைக்கிற சாக்கு.

"வால்தெக் ஏற்பாடு பண்ணாரு," என்றாள் யூலிதா. வால்தெக் அவள் கணவன். ஜெர்மனிப் பக்கம் லாரி ஓட்டுகிறான். சனிக்கிழமைதான் வருவான். இல்லாத மனிதன் தலையில் கட்டுவது எப்போதுமே வசதி.

"சூட்டுக் குமிழை அஞ்சுல வச்சிருக்கீங்க, ஜன்னலையும் தொறந்து வச்சிருக்கீங்க. வானத்துக்கே சூடு போடுறீங்கம்மா." அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "இங்க ஒண்ணும் இல்ல. ரெண்டாவது மாடியிலயும் இல்ல, அஞ்சுலயும் இல்ல. அப்போ என்ன எழுதச் சொல்றீங்க? குழாய்ல கோளாறு இல்ல, ஆளுதான் தட்டுறாங்கன்னு எழுத வேண்டியதுதான். உங்க சொந்தக்காரங்கன்னு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"எழுதிடுவீங்களா?"

"இன்னிக்கே. அந்தம்மா நாலு மணிக்கு வர்றாங்கல்ல, அவங்க கோப்புலயே சேத்துருவோம்." கொர்னெலைப் பார்த்துத் திரும்பினார். "நீ சாமியார் வந்துட்டுப் போறவரைக்கும் இருந்துட்டு வாடா. நான் நிலவறைல மோட்டாரப் பாத்துக்கிட்டிருக்கேன்."

கதவு மூடிக்கொண்டது. தாயும் மகனும் சமையலறைக்குள் போய் நின்றார்கள். பிகோஸ் பானையின் மூடி துள்ளிக்கொண்டிருந்தது.

"உனக்கும் தெரியும்," என்றாள் யூலிதா.

கொர்னெல் தலையைக் குனிந்தான். "வால்வு மேல ஒரு அம்புக்குறி இருக்கும்மா. தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு. வேலைக்குச் சேந்த மொத வாரமே சொல்லிக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து பாத்தேன். தலைகீழா வச்சிருக்கேன்."

ஆகஸ்ட் மாதக் கதை அது. பழைய இரும்பு ரேடியேட்டர் யூலிதாவுக்குப் பிடிக்கவில்லை. கூட வேலை பார்ப்பவள் வீட்டில் மெல்லிசாக, வெள்ளை வெளேரென்று ஒன்று பார்த்துவிட்டு வந்து வாரக்கணக்கில் அதே புராணம். அம்மாவைச் சந்தோஷப்படுத்தலாம் என்று கொர்னெல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு, சங்கத்தைக் கேட்காமல், பொதுக்குழாய்த் தண்ணீரை நிலவறைச் சாக்கடையில் இறக்கிவிட்டு, புதியதை மாட்டினான். குளிர்காலமாக இருந்தால் தொட்ட மாத்திரத்தில் தெரிந்திருக்கும், எது வருகிற குழாய், எது போகிற குழாய் என்று. கோடையில் இரண்டும் ஒன்றுபோல் சில்லிட்டுக் கிடந்தன. இடதுதான் வருவது என்று குத்துமதிப்பாக வைத்தான். உண்மையில் அது வலது.

அந்தக் குமிழ் ஒரு சமர்த்து. அறை சூடானால் தானாகவே வால்வை மூடப் பார்க்கும். தண்ணீர் நேர்ப்பக்கமாக வந்தால் சத்தமில்லாமல் மூடும். எதிர்ப்பக்கமாக வந்தால் தண்ணீரே வால்வை அறைந்து சாத்தும், உடனே திறக்கும், திரும்ப அறையும். உச்ச அளவான ஐந்தில் வைத்து அறையைக் குளிராகவும் வைத்திருந்தால் மூடுகிற பேச்சே இல்லை, சத்தமும் இல்லை.

"நீ எப்பம்மா கண்டுபிடிச்சே?"

"போன வாரம்," என்றாள் யூலிதா.

பெற்ற பிள்ளையிடமும் பொய். ஜன்னலைத் திறந்தால் தட்டல் நிற்பதை அவள் கவனித்து ஆறு வாரம் ஆகிறது.

"சொல்லிடலாமா?" கொர்னெல் கேட்டது அவனுக்கே கேட்டிருக்காது. "பொதுக்குழாயத் தொட்டாலே சீட்டு கிழிஞ்சிரும். ஆனா அத்தை..."

"உன் வேலை நிரந்தரமாகட்டும். அப்புறம் வால்வை மாத்திடலாம்."

"அப்புறம்னா அத்தை புவாவில இருப்பாங்க."

யூலிதா பானையைக் கிளறினாள். அடுத்து அவள் மனதில் ஓடியதை மகனிடம் சொல்ல முடியாது. யாரிடமும் சொல்ல முடியாது. நாத்தனார் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று இருபத்துமூன்று வருடமாக அவள் நினைக்காத வாரம் இல்லை. கேட்காமல் கதவைத் திறந்துகொண்டு வருவாள். அலமாரி மேல் விரலை ஓட்டித் தூசி பார்ப்பாள். சூப்பை ஒரு கரண்டி குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். இப்போது யூலிதா ஒன்றுமே செய்யாமல், ஒரு வால்வு அவளை மூட்டை கட்ட வைத்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அந்தச் சௌகரியத்தை நினைத்தால்தான் அவளுக்கு இரவு தூக்கம் வருவதில்லை.

மனுவை எழுதியதும் அவள்தான். மாடிப்படிக் கூட்டத்தில், "உங்க கையெழுத்துதான் அழகா இருக்கும்," என்று இரண்டாம் மாடிக்காரர் காகிதத்தை நீட்டினார். எழுதினாள். அப்போது சத்தியமாக அவளுக்குக் குழாய் விஷயம் தெரியாது. ஆனால், "அக்காவுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல," என்று கேட்காமலே சொன்னாளே, அதற்கு எந்தக் குழாயையும் காரணம் காட்ட முடியாது.

இரண்டரை மணிக்குப் போகுஷா இறங்கி வந்தாள். வழக்கம்போல் சாவி போட்டுத் திறக்கவில்லை. மணி அடித்தாள். அதுவே யூலிதாவுக்கு ஒரு மாதிரி இருந்தது.

கையில் மடித்த வெள்ளை மேசைவிரிப்பு. "அம்மாவோடது. பெட்டில போட்டுட்டேன், திரும்ப எடுத்தேன். சாமியாருக்கு முன்னாடி உன்னோட அந்தப் பூப்போட்ட துணியப் போட்டு மானத்த வாங்காதே."

"என்கிட்டயும் வெள்ளை இருக்குக்கா."

"இருக்கு. மஞ்சளா இருக்கு." போகுஷா சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள். "இந்தா. உங்க வீட்டுச் சாவி. புவாவில இருந்துக்கிட்டு நான் என்னத்தத் தெறக்கப் போறேன்."

எத்தனை வருடம் அந்தச் சாவியைத் திரும்ப வாங்க யூலிதா மனதுக்குள் வசனம் தயார் பண்ணியிருப்பாள். இப்போது அதை எடுக்கக் கை வரவில்லை.

விரிப்பை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்து விரித்தார்கள். சிலுவையில் பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவத்தி, தீர்த்தக் கிண்ணம். போகுஷா மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். மேசையைச் சுற்றி வந்தவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அடப்பாவமே, தெருவையா சூடாக்குறே? சாமியாருக்கு ஜலதோஷம் பிடிக்கட்டும்னா?" சொல்லிக்கொண்டே இரண்டு கதவையும் சாத்திக் கொக்கி போட்டாள்.

"வேண்டாம்கா, நாத்தம் போகட்டும்..."

"பிகோஸ் நாத்தம் சாமியாருக்குப் பசியத்தான் கிளப்பும். நீ உப்பு சரியாப் போட்டியா, அதச் சொல்லு."

கொர்னெல் அம்மாவைப் பார்த்தான். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். போகுஷா அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தாம் மாடியை முடித்துக்கொண்டு உதவிப் பங்குத்தந்தை மூன்று மணிக்கு வந்தார். இளைஞர், மூக்குக் கண்ணாடி உள்ளே வந்ததும் பனித்துப்போனது. "இயேசுவுக்கே புகழ்" என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். மெழுகுவத்தி எரிந்தது, சமையலறையில் பானை கொதித்தது, ஐந்தில் வைத்த ரேடியேட்டர் தன்னால் முடிந்ததை எல்லாம் கொடுத்தது. யூலிதாவின் முதுகில் வியர்வை இறங்கியது. சாமியார் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

"உங்க வீட்டுல நல்ல சூடு. அஞ்சாவது மாடில போர்வை போத்திக்கிட்டு ஜெபம் சொன்னாங்க."

ஜெபம் ஆரம்பமானது. இந்த இல்லத்துக்குச் சமாதானம் என்று அவர் சொன்னபோது, டக் என்றது.

கொர்னெல் ரேடியேட்டரைப் பார்த்தான்.

டக். டக். டக்.

சாமியார் நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தார். யாரோ தட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார். யூலிதா மெழுகுவத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது போகுஷா சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று. இரண்டு உள்ளங்கையையும் சாமியார் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"சாமி, நீங்களே பாருங்க. கேக்குதுல்ல? என் கை இங்க இருக்கு. என் வீடு பூட்டியிருக்கு. சாவி என் பையில. நான் இல்ல சாமி. நான் இல்லவே இல்ல."

"கேக்குதும்மா," என்றார் சாமியார், என்ன வழக்கு என்று புரியாமலே.

"மூணு மாசமா சொல்றேன். கடைல எங்கூடத் தைக்கிறவகூட மாத்திரை சாப்பிடச் சொல்லிட்டா. எனக்கே சந்தேகம் வந்திருச்சு சாமி. தெரியாம நானே தட்டுறேனோன்னு கையப் போர்வைக்குள்ள சுத்திக்கிட்டுப் படுத்தேன்." அவள் யூலிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என் பக்கத்துலதான நின்னே? நீ பாத்தல்ல? என்கூட வந்து சங்கத்துல சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க. நீ என் தம்பி பொண்டாட்டி மட்டுமில்ல, தங்கம்."

அந்த இடத்தில் ஒரு வழி திறந்தது. யூலிதாவுக்கு அது நன்றாகவே தெரிந்தது. சங்கத்துக்குப் போய், "அக்கா என் பக்கத்தில்தான் நின்றாள், அப்போதும் தட்டியது," என்று சொன்னால் போதும். அது உண்மையும்கூட. போகுஷா பெயர் துலங்கும், கொர்னெல் வேலை தங்கும், யூலிதாவுக்கு நல்ல பெயரும் கிடைக்கும். வால்வைப் பிறகு யாருக்கும் தெரியாமல் திருப்பி வைக்கலாம்.

போகுஷா அவள் கையை விடாமல் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் ஈரமாக இருந்தது. திட்டியிருந்தால் யூலிதா தாங்கிக்கொண்டிருப்பாள். இந்த நன்றியை அவளால் ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை.

"அக்கா, தங்கம்னு சொல்லாதீங்க," என்றாள். கையை உருவிக்கொண்டாள். கொர்னெல் வேண்டாம் என்று தலையசைத்தான், பிறகு அசைப்பதை நிறுத்திவிட்டான்.

யூலிதா ஜன்னலைத் திறந்தாள். குளிர் உள்ளே பாய்ந்து மெழுகுவத்தியில் ஒன்றை அணைத்தது. எல்லோரும் காத்து நின்றார்கள். தட்டல் மெல்லத் தளர்ந்து நின்றது. அவள் குனிந்து குமிழை ஐந்திலிருந்து இரண்டுக்குத் திருகினாள்.

டக். டக். டக்.

"எங்க வீடுதான்க்கா. வால்வு தலைகீழா இருக்கு. ஆகஸ்ட்ல நான்தான் கொர்னெல மாட்டச் சொன்னேன்."

"நான்தான் தப்பா மாட்டினேன், அத்தை," என்றான் கொர்னெல்.

சாமியாருக்கு இப்போது ஓரளவு புரிந்துவிட்டது. அவசரமாகத் தீர்த்தம் தெளித்தார். யூலிதா முகத்தில் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. "ரெண்டாவது மாடில காத்துக்கிட்டிருப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

போகுஷா அதுவரை நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கத்துவாள் என்று யூலிதா எதிர்பார்த்தாள். கத்தினால் பரவாயில்லை என்றுகூட ஏங்கினாள். போகுஷா குமிழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ தெரிஞ்சுது?"

கொர்னெல் பக்கத்தில் இருக்கிறான். போன வாரம் என்று அவனிடம் சொல்லியாகிவிட்டது. அதையே சொல்லலாம்.

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி."

கொர்னெல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்போ நான் இந்த மேசைல உக்காந்து அழுதப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"கிறிஸ்மஸ் அப்பத்தை உடைச்சு என் கையில குடுத்து, புது வீட்டுல நிம்மதியா இருங்கக்கான்னு சொன்னியே. அப்போ?"

"தெரியும்க்கா."

போகுஷா தலையாட்டினாள். ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கைப்பைக்குள் மாற்றுப் பத்திரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, இனிமே எதுக்குப் போறீங்க? இன்னிக்கே வால்வைக் கழட்டிடுவோம். சத்தம் வராது."

"சத்தத்துக்காகவா நான் போறேன்?" போகுஷாவின் குரல் உயரவே இல்லை. "இந்தக் கட்டடத்துல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, போகுஷா அப்படிச் செய்யமாட்டான்னு சொல்லலையே. அதுக்காகப் போறேன். உன் சூப்புல உப்பில்லன்னா உன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். தூசின்னா தூசின்னேன். உன் முதுகுக்குப் பின்னால யாருகிட்டயும் உன்னப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீயும் சொல்லியிருக்கமாட்டே. அந்த மட்டும் சரி."

கதவைச் சாத்தவில்லை. அவள் காலடி படியில் இறங்கியது.

கொர்னெல் ஜாக்கெட்டை மாட்டினான். "நான் நிலவறைக்குப் போறேன். அவர் எழுதறதுக்குள்ள த்வோரெக் ஐயாகிட்ட நானே சொல்லிடறேன்." வாசலில் நின்றான். "கிறிஸ்மஸுக்கு முன்னாடியேவாம்மா?" அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

நீயும் சொல்லியிருக்கமாட்டே. அந்த ஒரு வாக்கியம் ஹாலில் தங்கிவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டால் பாதி மானமாவது மிச்சம். யூலிதா வீட்டுச் செருப்போடு வெளியே ஓடினாள்.

இரண்டாம் மாடி வாசலில் சாமியார் நின்றிருந்தார். மனுவுக்குக் காகிதம் நீட்டிய மனிதர் கதவைத் திறந்து அவரை வரவேற்றுக்கொண்டிருந்தார். போகுஷா அவர்களைத் தாண்டி நாலு படி இறங்கியிருந்தாள். அந்தப் படிக்கட்டில் மெதுவாகப் பேசினாலே ஐந்து மாடிக்கும் கேட்கும்.

"மனுவ எழுதினதும் நான்தான்க்கா," என்றாள் யூலிதா. "உங்களுக்கு மனசு சரியில்லன்னு முதல்ல சொன்னதும் நான்தான். யாரும் கேக்கல. நானாத்தான் சொன்னேன்."

இரண்டாம் மாடிக்காரர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் தீர்த்தச் செம்பைப் பார்த்தார். மேலே எங்கேயோ ஒரு கதவு திறந்தது.

போகுஷா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை. அவள் முதுகு ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. யூலிதாவின் தலைமுடியிலிருந்து தீர்த்தம் கழுத்துக்குள் வழிந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"கோட்டைப் போட்டுக்கிட்டு வா," என்றாள் போகுஷா, சுவரைப் பார்த்துக்கொண்டே. "படில நின்னு சொல்லாதே. மனு எழுதிக் கோப்புல சேத்தவ, சங்கத்துக்கே வந்து அங்க சொல்லணும்."